பின்னறைக்கு வராத சிக்னல்

வீட்டில் நெட் வரவில்லை என்று புலம்புகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். வந்து தொலைத்துவிடக் கூடாதே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் வீடு சென்னையில், லஸ்ஸுக்கும் மந்தைவெளிக்கும் நடுவே ஒரு சந்தில், பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் இருக்கிறது. முன்னால் ஹால், பக்கத்தில் சமையலறை, கடைசியில் நானும் கணவரும் படுக்கும் பின்னறை. ஹாலையும் பின்னறையையும் ஒரு நீளமான நடை சேர்க்கிறது. அங்கே மாமனார் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் டிரம்கள் வரிசையாக நிற்பதால், எல்லோரும் ஒருக்களித்துத்தான் போய்வருவோம். நெட் டப்பா இருப்பது ஹாலில். அங்கே உட்கார்ந்தால் எல்லாம் ஜோராக ஓடும். நடையில் கால் வைத்ததும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அவ்வளவுதான், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போன் சிக்னலும் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

அந்தச் சுற்றும் வட்டத்தால்தான் நான் தினமும் வெளியே போய்வந்தேன்.

நான் பார்ப்பது வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை. யாரோ ஒருவருடைய கர்ப்பப்பையும் கல்லீரலும் நாள் முழுக்க என் திரையில் வந்துபோகும். அதனால் அலுவலகத்தில் ஒரு கண்டிப்பான விதி. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் கதவு சாத்திய அறையில்தான் உட்கார வேண்டும், வீட்டு ஆட்களின் கண்ணில் திரை படக் கூடாது. அலுவலகம் இரண்டு மாடிகளைக் காலி செய்துவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது, கதவு சாத்திய அறையில் நெட் சரியாக வராதவர்களுக்கு மட்டும் மிச்சமிருந்த மாடியில் இடம் தந்தார்கள். எங்கள் வீட்டில் கதவு இருப்பது பின்னறைக்குத்தான். அதனால் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் பாவப்பட்டார்கள். நானும் பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

உள்ளுக்குள் கொண்டாட்டம். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணி வரைக்கும் நான் யாருடைய மருமகளும் இல்லை, யாருடைய மனைவியும் இல்லை. கோட்டூர்புரத்துக்கு முன்னால் ரயில் அடையாற்றைத் தாண்டும். ஆறு நாறத்தான் செய்யும். ஆனாலும் வாசல் பக்கம் நின்று அந்தக் காற்றை வாங்குவேன். அலுவலக வாசலில் டீ, மத்தியானம் நாலு பேர் டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு வாய். பெரிய சுகம் என்று சொல்ல முடியாது. ஆனால் நாற்பத்தைந்து வயதில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கிருந்தது அதுதான்.

போன மழைக்காலத்தில் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. கட்டுப் போட்டு, அவிழ்த்து, கை பழையபடி ஆகிவிட்டது. பழையபடி ஆகாதது என் கணவர்தான். பகலெல்லாம் அப்பாவைத் தனியாக விட முடியாது என்று பிடித்துக்கொண்டார். அவருக்கு வங்கியில் வேலை, அதை வீட்டுக்குத் தூக்கிவர முடியாது. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். மிச்சம் யார்? எனக்குத்தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி இருக்கிறதே, நெட் ஒன்றுதானே குறை, அதைச் சரிசெய்துவிட்டால் அலைச்சலும் மிச்சம் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. அதனால்தான் எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெட் திருப்பணி ஆரம்பமானது. பின்னறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்பேன். அழைப்பு நடுவில் அறுந்துபோகும், மேலதிகாரி நாளைக்கு ஆபீஸுக்கே வந்துவிடுங்கள் என்பார். அவர் அதைச் சொல்லும்போது எனக்கு உயிர் வரும். வீட்டில் அதை ஒரு பெருமூச்சோடு அறிவிப்பேன். உடனே அப்பாவும் பிள்ளையும் அடுத்த முயற்சியில் இறங்கிவிடுவார்கள்.

முதலில் டப்பாவை உயரத்தில் வைத்தார்கள். எங்கள் ஹாலில் இருக்கும் உயரமான இடம் ஒன்றே ஒன்று, இயேசுவின் திரு இருதயப் படம் வைத்திருக்கும் மாடம். அதன் முன்னால் சின்ன சிவப்பு விளக்கு ஒன்று எப்போதும் எரியும், அதற்கான பிளக் பாயின்டும் அங்கேயே இருக்கிறது. மாமனார் பக்திமான். படத்துக்குப் பக்கத்தில் நெட் டப்பாவா என்று தடுத்துவிடுவார் என்று நம்பியிருந்தேன். அவரோ ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் பக்கத்தில் வைத்தால் எங்கேயும் போகும் என்று சிரித்தார். சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளிகள் மினுக்க ஆரம்பித்தன. பின்னறையில் ஒரு கோடு கூடியது. கதவைச் சாத்தியதும் அது போய்விட்டது.

அப்புறம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலிருந்து சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் குட்டி டப்பா ஒன்று வந்தது. நடையில் பிளக் பாயின்ட் கிடையாது. ஹால் பக்கம் மாட்டினால் அது ஹாலுக்கே திருப்பி அனுப்பியது. பின்னறையில் மாட்டினால் வாங்குவதற்கு அங்கே ஒன்றும் வரவில்லை. வயர் இழுத்துவிடலாம் என்றார் கணவர். நல்லவேளை, வயர் தடுக்கி அப்பா மறுபடி விழுந்தால் என்ன செய்வது என்று அவரே அதைக் கைவிட்டார். வாடகை வீடு, சுவரில் துளை போடச் சொந்தக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மனிதரை நான் வாழ்நாளில் முதல்முறையாக மனதார வாழ்த்தினேன்.

நெட் கம்பெனி ஆள் வந்தார். பின்னறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "சுவரு செம திக்கா கீது மேடம். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவரு. சிக்னல் இன்னா பண்ணும், நீங்களே சொல்லுங்க," என்றார். டிரம்களை இடித்துக்கொண்டு நடையில் இரண்டு தடவை போய்வந்தார், எங்களைப் போலவே அவரும் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்ன வாய்க்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன்.

மாமனார் மட்டும் விடவில்லை. அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுந்ததிலிருந்து வெளியே அதிகம் போவதில்லை, மாமியாரும் இல்லை. பொழுது போகாமல் கிடந்தவருக்கு இந்த சிக்னல் ஒரு பாடவேளை மாதிரி ஆகிவிட்டது. செருப்பு டப்பாவை வெட்டி, அலுமினியத் தாள் ஒட்டி, முறம் போல வளைத்து நெட் டப்பாவின் பின்னால் நிறுத்தினார். போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து கோடுகளைப் பார்த்தார். நான் வீட்டில் இருக்கும் நாட்களில் பின்னறைக் கதவை மெல்லத் தட்டி, இப்போது வருகிறதா அம்மா என்று கேட்பார். காபி கொண்டுவந்து வைப்பார். பேப்பரில் இறந்தவர்கள் பக்கத்தைப் படித்துவிட்டு, தெரிந்த முகம் இருந்தால் வந்து சொல்வார். வேலை கெடும் என்று உடனே போயும்விடுவார். கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவரோடு எப்படிச் சண்டை போடுவது? நல்ல மனிதர்கள் நாலு பக்கமும் நின்றுகொண்டால் வெளியே போக வழியே இருப்பதில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, சாயங்கால ஜெபமாலைதான் பெரிய சோதனை. ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொரு வேண்டுதல் கருத்துக்காகவும் ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். இறந்தவர்களுக்காக, பேத்தியின் படிப்புக்காக என்று மாமனார் வரிசையாகச் சொல்வார். திருப்பணி ஆரம்பித்ததிலிருந்து கடைசியில் இன்னொன்று சேர்ந்தது. மருமகளின் அலைச்சல் தீர, பின்னறைக்கு நெட் கிடைக்க. கணவர் கண்ணை மூடி உருக்கமாகச் சொல்வார். நானும் முழங்காலில் நின்று அதே மந்திரத்தைச் சொல்ல வேண்டும். வாய் மாமனாருக்காகச் சொல்லும், மனசு ஆண்டவரிடம் தனியாகக் கெஞ்சும். மாடத்தில் பச்சைப் புள்ளிகள் மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரே வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு விதமாக மனு போனால் அவர்தான் என்ன செய்வார்.

இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. நாற்காலிகள் இன்னும் குறையப்போகின்றன. அவரவர் வீட்டில், கதவு சாத்திய அறையில் நெட் வேகத்தைச் சோதித்து, அடுத்த செவ்வாய்க்குள் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வேகம் போதாதவர்களுக்கு நாற்காலி நிரந்தரம். மற்றவர்களின் அடையாள அட்டை இனிமேல் வாசல் கதவைத் திறக்காது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பின்னறையில் வட்டம் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது, செவ்வாய்க்கிழமை வரட்டும் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாநகராட்சி கொசு ஒழிப்புப் பெண்கள் வந்தார்கள்.

அந்த டிரம்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால், ஊரே வறண்டு குழாயில் வெறும் காற்று வந்த ஒரு கோடையில்தான் என் மாமியார் படுக்கையில் கிடந்தார். நானும் கணவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடினோம். அவர் இறந்த அன்று, உடலைத் துடைத்துக் குளிப்பாட்ட வீட்டில் ஒரு குடம் தண்ணீர் முழுதாக இல்லை. மாமனார் படியேறிப் போய் மாடி வீட்டுக் கதவைத் தட்டி, இரண்டு குடம் கேட்டு வாங்கி வந்தார். அதுவரைக்கும் யாரிடமும் எதையும் கேட்டறியாத மனிதர். அதற்குப் பிறகு நடையில் மூன்று பெரிய நீல டிரம்கள் வந்தன. மேலே இரும்புச் சட்டம் அடித்து இன்னும் இரண்டு சின்ன டிரம்கள், அதற்கும் மேலே பரண் தொடும்வரை குடங்கள். எதுவும் காலியாக இருக்கக் கூடாது. ஒன்றைக் கழுவினால் அது நிறைந்த பிறகுதான் அடுத்தது. எத்தனை மழை பெய்தாலும், ஏரிகள் நிரம்பின என்று செய்தியில் சொன்னாலும் அந்த வரிசை அப்படியே நின்றது. வருகிறவர்கள் கேட்டால் நாங்களே சிரிப்போம், ஆனால் அவர் முன்னால் சிரித்ததில்லை.

கொசுப் பெண்கள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நாலு டிரம்மில் புழு நெளிந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிக் கழுவி வெயிலில் கவிழ்க்கச் சொன்னார்கள். மாமனார் தவித்தார், ஒன்றையாவது விடும்படி கேட்டுப் பார்த்தார். அவர்கள் மசியவில்லை. மாடி வீட்டுக்காரரும் கணவருமாகச் சேர்ந்து டிரம்களை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். நடை அகலமாக, வெறிச்சென்று கிடந்தது. சுவரில் டிரம் நின்ற இடமெல்லாம் ஈரத் தடம். மாமனார் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் பின்னறையில் வேலைக்கு உட்கார்ந்தேன். அழைப்பு அறுகிறதா என்று வழக்கம்போலக் காத்திருந்தேன். அறவில்லை. மேலதிகாரியின் முகம் பளிச்சென்று தெரிந்தது, மூக்குக் கண்ணாடியில் ஜன்னல் தெரியும் அளவுக்கு. இன்று உங்கள் நெட் பிரமாதம் என்றார். நான் சிக்னல் கோடுகளைப் பார்த்தேன். எல்லாம் நிறைந்திருந்தன. எழுந்து கதவைத் திறந்து நடையைப் பார்த்தேன். சுவரும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இவ்வளவு நாளும் தடுத்துக்கொண்டிருந்தது தண்ணீர்.

நான் வாயைத் திறக்கவில்லை. டிரம்கள் காய்ந்து திரும்பி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மொட்டை மாடி வெயிலை நம்பியிருந்தேன். ஆனால் சனிக்கிழமை காலையில் மாமனார் போனும் கையுமாக ரவுண்டு கிளம்பினார். நடையில் நின்றார். பின்னறைக்குள் வந்து கதவைச் சாத்திப் பார்த்தார். திறந்தார், திரும்பச் சாத்தினார். அப்புறம் ஹாலுக்கு வந்து, தண்ணீர் இந்தச் சிக்னலை அப்படியே குடித்துவிடும், அறிவியல் வாத்தியாருக்கே தோன்றவில்லை பார் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பேத்தி பிறந்த அன்றுதான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. டிரம்கள் இனிமேல் மொட்டை மாடியிலேயே இருக்கட்டும் என்றார். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம், நடை காலியாக இருந்தால் மருமகளுக்கு நெட் வரும் என்றார். கணவர் அசந்துபோய் அப்பாவைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அந்த மனிதர் தூங்குவதே நடையில் தண்ணீர் இருக்கிறது என்ற தைரியத்தில். அதை எனக்காக விட்டுக்கொடுக்கிறார். நன்றி மாமா என்றேன், வேறு என்ன சொல்வது. அன்று ஜெபமாலை முடிவில் நெட்டுக்காக நன்றி மந்திரம் ஒன்று சேர்ந்தது. என் மனு தள்ளுபடியாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை கணவர் விசில் அடித்துக்கொண்டே வங்கிக்குக் கிளம்பினார். நான் பின்னறையில் உட்கார்ந்தேன். எதுவும் அறுபடவில்லை. இனி இந்த ஜன்னல், இந்தக் கட்டில், இந்தக் கதவுத் தட்டல். இப்படியே ஓய்வு பெறும்வரை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மத்தியானம் வேகச் சோதனையைத் திறந்து வைத்துவிட்டு, பொத்தானை அமுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு மெல்லத் தட்டப்பட்டது. மாமனார் காபியோடு நின்றார். டெஸ்ட் அனுப்பிவிட்டாயா என்று ஆசையாகக் கேட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மாமா, எனக்கு ஆபீஸுக்குப் போகணும்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "நெட்டுதான் வந்துடுச்சேம்மா."

"வந்துடுச்சு மாமா. அதான்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். காபி ஆறிவிடும், குடி என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். நான் அழுதேன். கிழவரின் மனதை நோகடித்துவிட்டோமே என்றுதான் அழுகிறேன் என்று முதலில் நினைத்தேன், ஆனால் எனக்காகத்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் கதவைத் தட்டவில்லை. சாயங்கால ஜெபத்தில் நெட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இறந்தவர்களோடும் பேத்தியோடும் நிறுத்திக்கொண்டார். கோபம்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு, கணவரிடம் ஒன்றும் சொல்லாமல் படுத்தேன்.

காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு, நடையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டு எழுந்தோம். மாமனார் நின்றுகொண்டிருந்தார், கூட மாடி வீட்டுக்காரர். மாமனாரே படியேறிப் போய் அவருடைய கதவைத் தட்டி, உதவி கேட்டு அழைத்து வந்திருக்கிறார். நீல டிரம்கள் மூன்றும் பழைய இடத்தில் நின்றன. மேலே சட்டத்தில் சின்ன டிரம்கள். சமையலறைக் குழாயிலிருந்து பைப்பை இழுத்து முதல் டிரம்முக்குள் விட்டிருந்தார்.

கணவர் பதறிப்போனார். நெட் என்ன ஆவது, இவ்வளவு நாள் பாடுபட்டதெல்லாம் எதற்கு என்று கேட்டார். மாமனார் பைப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோடை வரப்போவுது. தண்ணி வீட்டுக்குள்ள இருக்கணும்," என்றார். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படி என்று கணவர் இழுத்தார். "பதினோரு மணிக்கு வீட்டு வேலை செய்யற அக்கா வருது. மாடியில ஆள் இருக்கு. நான் ஒண்ணும் கைக்குழந்தை இல்லடா. அவ போய்ட்டு வரட்டும்," என்றார். தண்ணீர் விஷயத்தில் அப்பாவிடம் யாரும் வாதாடுவதில்லை என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். கணவர் தலையைச் சொறிந்துகொண்டு பல் தேய்க்கப் போனார்.

ஐந்து டிரம்மும் குடங்களும் நிறைய வெகுநேரம் ஆயிற்று. மாமனார் ஒவ்வொன்றுக்கும் கொசுவலைத் துணி கட்டி மூடி வைத்தார். அதற்குப் பிறகு நான் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, சோதனைப் பொத்தானை அமுக்கினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. படம் எடுத்து ஹாலுக்கு வந்து அங்கிருந்து அனுப்பினேன். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செருப்பு டப்பாவில் செய்த அலுமினிய முறத்தை மாடத்திலிருந்து எடுத்துக் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

மறுநாள் புடவை கட்டி, டப்பாவில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவருக்கான சாப்பாட்டை மேஜையில் மூடி வைத்தேன். குளியலறையில் மிதியடி சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். போன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் செருப்பு மாட்டும்போது வாசல் வரைக்கும் வந்தார். சாயங்காலம் எப்போது வருவாய் என்று கேட்பார் என்று நினைத்து, ஆறு மணிக்குள் ஓடி வந்துவிடுகிறேன் மாமா என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெதுவாவே வாம்மா," என்றார்.